தனம் உட்கார்ந்துவிட்டாள்

துவண்ட பிள்ளைகளுக்குக் கைகால் பழக்கிவிடுகிற வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்கிறவர் முதலில் சிரிப்பார், பிறகு, "அதுக்கு எதுக்கு ஆம்பள?" என்பார். ஜொகூர் பக்கம், கெலாங் பாத்தாவுக்கு உள்ளே, கித்தாக் காட்டுக்கு, அதாவது ரப்பர் மரக் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளினேன். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. செய்கிற வேலையை வேலை என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத அவஸ்தை உங்களில் பல பேருக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது.

துணிப் பொம்மை

நான் படித்து வந்த வேலையல்ல இது. ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷினில் விரல் மாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவன், காயம் ஆறியதும் அங்கேயே வாளி தூக்குகிறவனாக ஒட்டிக்கொண்டேன். ஜொகூர் பாருவிலிருந்து மாதம் இரண்டு தடவை வருகிற வெள்ளைக்கார டாக்டரம்மா, அழுத பிள்ளை ஒன்றை நான் தூக்கியதை ஒருநாள் பார்த்தார். பின்னந்தலையில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினேனாம். அதுவே எனக்குப் பட்டமாகிவிட்டது.

இரண்டு மத்தியானம் ஒரு துணிப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் இல்லாத நாளில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற எங்கள் டிரசர் ஐயா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே சதையில் பிடிப்பு இருக்காது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி நழுவும். வயது ஏறினாலும் தலை நிற்காது. அது காய்ச்சலுமல்ல, காத்துக் கருப்புமல்ல. குப்புறப் படுக்கவை, நெஞ்சுக்கடியில் சாக்குச் சுருட்டு கொடு, கண்ணுக்கெதிரில் எதையாவது ஆட்டு, தானாகத் தலை தூக்கட்டும். பிறகு முழங்கை ஊன்றட்டும். பிறகு இடுப்பைப் பிடித்து உட்காரவை. கையைப் பிடித்து மட்டும் இழுக்காதே. அவ்வளவுதான் என் படிப்பு. அடுத்த மாதம் டாக்டரம்மா தன் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். டிரசர் ஐயா பொம்மையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பொம்ம நல்லாத்தான் படுத்திருந்துச்சு வீராசாமி. புள்ளைங்களுக்கு அம்மா இருக்காளுங்க, அத ஞாபகம் வச்சுக்க."

சிவப்புத் தண்ணி

முதலில் வந்தவர் கான் வெட்டுகிற ஒருவர். கான் என்றால் காட்டுக்குள் தண்ணீர் வடிகிற கால்வாய். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மைல் நடந்து வந்திருந்தார். நான் பையனைப் பாயில் குப்புறப் போட்டு, பால்டின்னுக்குள் கித்தாக் கொட்டையைப் போட்டுக் குலுக்கினேன். பையன் ஒரு விரற்கடை தலையைத் தூக்கினான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மருந்து எங்கே என்றார். இதுதான் மருந்து, தினம் வாருங்கள் என்றேன். தினம் நாலு மைலா என்று அவர் கேட்கவில்லை, அந்தக் கணக்கு எனக்கே உறைத்தது. மறுபடி அவர் வரவேயில்லை. போகும்போது அவர் கேட்டது இதுதான்: "மருந்தே இல்லாம என்னாப்பா ஆஸ்பத்திரி? ஒரு செவப்புத் தண்ணியாச்சும் ஊத்திக் குடு, கொண்டுபோயி அவளுக்குக் காட்டறேன்."

மடியில் கிடக்கிறது

அஞ்சலை எங்கள் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறவள். பால் வெட்டுவது, மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் இறக்குவது. இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் முந்தின மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். மகள் தனத்துக்கு ஒன்றரை வயது, கழுத்து நிற்கவில்லை. இரண்டு கித்தா மரத்துக்கு நடுவில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தோட்டத்துத் துரை காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது பிள்ளையின் மேல் கட்டெறும்பு ஊர்வதைக் கண்டுவிட்டார். அன்றோடு, காட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. இரக்கப்பட்டுத்தான் போட்டார். இரக்கத்தால் வந்த வினை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

தோட்டத்தில் ஆயாக்கொட்டகை உண்டு. முப்பது பிள்ளைக்கு ஒரே ஆயா. உட்காருகிற பிள்ளையாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார். படுத்த பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டி, புரையேறிப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஒருத்தி, தான் வேலைக்குத் திரும்புகிற வரை, அதாவது பொங்கல் வரை, தனத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். அதற்குப் பிறகும் கொட்டகை எடுத்துக்கொள்ளாவிட்டால் அஞ்சலைக்கு வேலை இல்லை என்று கங்காணி கெடு வைத்தார். வேலை இல்லாதவர்களுக்கு அந்த வருஷம் ஒரே வழிதான், கப்பல். அக்கரையில் அவளுக்கு நாதியில்லை. ஆக, தீபாவளி கழிந்த வாரம் என் முன்னால் வைக்கப்பட்ட காரியம் இவ்வளவுதான்: பொங்கலுக்குள் தனம் உட்கார வேண்டும்.

தினம் மத்தியானம் பாலை எடை போட்டுக் கொடுத்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் நீவிக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். நான் செய்வது பாதிதான், மீதியைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், அது நன்றாக வேலை செய்தால்தான் சதை பிடிக்கும் என்று விளக்கினேன். வேலை என்ற சொல்லை ஒரு தோட்டத்தில் யோசித்துத்தான் வாயில் எடுக்க வேண்டும் என்று அன்று தெரிந்தது. அவள் கேட்டாள்: "நாங்க செய்யற வேல பத்தாதாண்ணே? மடியில கெடக்கறதுக்குமா வேல போடறீங்க?"

சப்பாணி

மூன்று வாரத்தில் தனம் டின் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள். தூக்கி, என்னைப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள் போல முறைத்தாள். அடுத்தது இரண்டு கையும் நடுவில் வந்து சேர வேண்டும். வீட்டில் மடியில் வைத்துச் சப்பாணி கொட்டப் பழக்கு என்று அஞ்சலையிடம் சொன்னேன். பிள்ளை கைதட்டி விளையாடுவதைச் சப்பாணி கொட்டுவது என்றுதான் என் அம்மா சொல்வாள். அஞ்சலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நாலு நாளாக ஆளைக் காணோம்.

ஐந்தாம் நாள், ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கே போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. அவளுடைய ஊரில் சப்பாணி என்றால் நொண்டி. வேறு அர்த்தமே அவள் கேட்டதில்லை. நான் அங்கேயே நின்று என் இரண்டு கையையும் தட்டித் தட்டிக் காட்டினேன். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் எங்களிடம் இருந்ததே ஏழெட்டு வாரம், அதில் நாலு நாளை என் நாக்கு தின்றுவிட்டது. கடைசியில் முறத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "லயமே எம் புள்ளயச் சப்பாணின்னுதான் சொல்லுது. நீங்க ஒருத்தருதான் சொல்லாம இருந்தீங்க. அதான்ணே வந்துகிட்டிருந்தேன்."

குழி

மார்கழி பிறந்தும் தனம் உட்காரவில்லை. இடுப்பைப் பிடித்திருந்தால் இருப்பாள், விட்டால் முன்னால் மடிந்துவிடுவாள். பொறுக்காமல் அஞ்சலை யாரோ சொன்ன வைத்தியத்தைச் செய்துவிட்டாள். காலூன்றாத பிள்ளையை இடுப்பு வரைக்கும் மண்ணில் புதைத்து வைத்தால் கெட்டிப்படும் என்பது நம் பக்கத்துப் பழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் ஆற்று மணலில் செய்வார்கள். இங்கே ஏது மணல்? புதுக்கன்று நடத் தோண்டியிருந்த குழி ஒன்றில் பிள்ளையை இறக்கி, செம்மண்ணைத் தள்ளி மிதித்து, பக்கத்திலேயே குந்தியிருந்திருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையை எடுத்து வரும்போது கால் முழுக்கச் சிராய்ப்பு, உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு வாரம் போயிற்று.

நான் அஞ்சலையைத் திட்டினேன். பெத்தவளா நீ என்று கேட்டேன். என் பாடம் வீணாய்ப் போகிறதே என்ற ஆத்திரம்தான் அதில் பாதி, பிள்ளைமேல் அக்கறை என்று சொல்லிக்கொள்வது பொய். அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் காலில் மருந்து தடவிக்கொண்டிருந்த டிரசர் ஐயா நிமிராமலே என்னிடம் சொன்னார்: "விடுடா. கன்னு நட்டுப் பழகின கை. நட்டா நின்னுடும்னு நெனச்சுட்டா."

நல்ல சேதி

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். தனம் மடியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் முன்னால் தரையில் ஊன்றி, தவளை மாதிரி இருந்தாள். இருபது வரை எண்ணினேன். முப்பதில் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. அஞ்சலை ஆஸ்பத்திரித் தகரக் கொட்டகையை விட்டு மழையில் இறங்கி, "எம் மக உக்காந்துட்டா, எம் மக உக்காந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே லயத்துப் பக்கம் ஓடினாள்.

பெண் உட்கார்ந்துவிட்டாள் என்றால் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தானே? வாய் மாறி வாய் மாறி, பெரிய மனுஷியாகிவிட்டாள் என்றே சேதி போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு ஆட்களைப் பேரால்தான் தெரியும், முகத்தால் தெரியாது. பிள்ளைகளைப் பேராலும் தெரியாது. அஞ்சலை முறை வந்ததும் எழுதுகோலை நிறுத்தி, அவளை முதன்முதலாக ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக் களமே சிரித்தது, அஞ்சலையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கிராணி சொன்னது: "பொண்ணு உக்காந்துட்டாளாமே. சடங்க ஞாயித்துக்கெழம முடிச்சுடு. திங்கக்கெழமயிலேருந்து புல்லு வெட்ட அவ பேரையும் போட்டுக்கறேன்."

ஆயாக்கொட்டகை

போகிப் பண்டிகையன்று ஆயா தனத்தைப் பலகைமேல் வைத்துப் பார்த்தார். இருந்தாள். எடுத்துக்கொண்டார். அஞ்சலையின் வேலை தப்பியது, கப்பல் அவளை ஏற்றாமலே போயிற்று.

நான் அதற்குள் மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஆடிக்குள் மண்டியிட வைக்கலாம், அடுத்த பொங்கலுக்குள் நிற்க வைக்கலாம் என்று. ஆனால் ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டதால், மிச்சமிருந்தவர்கள் காலையில் மரம் வெட்டி மத்தியானம் புல்லும் வெட்ட வேண்டியிருந்தது. அஞ்சலையால் வர முடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேர்தான் மிச்சம். என்னை மறுபடி வாளி தூக்கப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கொட்டகைப் பக்கம் போக வாய்த்தது. மூலையில், முன்னால் ஒரு சாக்கு மூட்டை, பின்னால் ஒரு சாக்கு மூட்டை, நடுவில் தனம். காலையில் வைத்த இடம் என்றார்கள். எதிரில் டின்னைக் குலுக்கினேன். கண் திரும்பியது. கை எழவில்லை.

ஆயாவிடம் சத்தம் போட்டேன். அவர் கெட்டவரல்ல. இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, கிணற்றடிக்கு ஓடுகிற ஒன்றைக் கத்தி நிறுத்தியபடிதான் எனக்குப் பதில் சொன்னார்: "கோவிச்சுக்காத தம்பி. முப்பதுல இவ ஒருத்திதான் வச்ச எடத்துல இருக்கா. எல்லாப் புள்ளயும் இப்படி இருந்துட்டா நான் இன்னும் இருவது பேரப் பாப்பேன்."

அஞ்சலை சொன்னது

அன்று சாயங்காலமே அஞ்சலை புல் வெட்டிவிட்டு வருகிற பாதையில் நின்றேன். பிள்ளை நிற்பாள், இப்போது விட்டால்தான் கெட்டுப்போகும், வாரம் இரண்டு மத்தியானம் உனக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி நானே கங்காணியிடம் பேசுகிறேன், தேவைப்பட்டால் துரையிடமும் பேசுகிறேன் என்றேன். அவள் மகிழ்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்காகப் பேசிடாதீங்கண்ணே. நீங்க பேசினா எங்க பேரு அவங்களுக்கு ஞாபகம் வந்துரும். அவ உக்காந்தே இருக்கட்டும், நாங்க இங்கதானே இருக்கோம்."

பிள்ளைகளை நிற்க வைப்பதற்கென்று வேலையில் வைக்கப்பட்ட நான் நாலு வருஷத்தில் உருப்படியாகச் செய்து முடித்தது, ஒருத்தியை எழுந்திருக்கவே விடாதபடி உட்கார வைத்ததுதான்.