தீவில் விட்டுவந்த பலசரக்குச் சிட்டை

அலுமினியச் சட்டியைக் கல்லில் போட்டு நசுக்கினால் எப்படிச் சத்தம் வரும் என்று நான் அறிந்தது ஒரு திருவிழாவில்தான். நிக்கோபார் தீவொன்றில், கண் கூசும் மத்தியான வெயிலில், பன்றி வாட்டும் புகைக்கு நடுவே, ஒரு பெண் தன் கணவர் புழங்கிய சாமான்களை ஒவ்வொன்றாக உடைத்து அவர் கல்லறைமேல் வைத்துக்கொண்டிருந்தார். சட்டி, குடை, டார்ச் லைட், ஒரு ஜோடி செருப்பு.

நான் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்தத் தை மாதம்தான் அம்மா காய்ச்சலில் இறந்திருந்தார். சங்கரன்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நான்கு விசைத்தறிகளையும் நிறுத்திவிட்டு, அம்மாவின் "பட்டன் போனை" காதில் வைத்தபடி அப்பா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அதில் அம்மாவின் குரல் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருந்தது. பலசரக்குச் "சிட்டை", கடையில் வாங்கவேண்டிய சாமான் பட்டியல். எழுதிக் கொடுத்தால் அப்பா தொலைத்துவிடுகிறார் என்று, பேசிப் பதிந்து போனையே கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார் அம்மா. "ஏங்க, மறந்துராதீங்க. சீரகம் நூறு, கடுகு நூறு" என்று தொடங்கி எட்டுச் சாமான்கள்.

தீவில் மின்சார வேலையில் இருந்த சித்தப்பா, இப்படியே விட்டால் அண்ணன் தேறமாட்டார் என்று, அனுமதி வாங்கி எங்களைக் கப்பலில் வரவழைத்தார். பக்கத்துக் கிராமத்தில் விழா என்றதும் அப்பா தயங்கினார். வீட்டில் "துட்டி", அதாவது சாவு, விழுந்தால் நாங்கள் ஒரு வருடத்துக்குக் கோயில் கொடைக்குக்கூடப் போகமாட்டோம். "இது செத்தவருக்கு எடுக்குற விழாதான், அண்ணே. இன்னையோட அந்த வீட்டுக்காரவுகளுக்குத் துக்கம் முடியுது" என்றார் சித்தப்பா.

தென்னங்குருத்து கட்டிய ஆட்களும், தாழம்பழக் கூழும், பந்தயத்துக்குக் கரையேற்றி வைத்திருந்த தோணிகளும் எனக்கு வேடிக்கையாக இருந்தன. அப்பா அந்தப் பெண்ணின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவரின் பொருள் முழுசாக இருந்தால் இருப்பவர்களை விடாது என்பது அவர்கள் வழக்கம் என்று சித்தப்பா விளக்கினார். சற்று நேரம் கழித்து அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "நம்மளும் வைக்கலாமான்னு கேளு" என்றார்.

சித்தப்பா இந்தியில் கேட்டார். அந்தப் பெண் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டார்ச் லைட்டை நகர்த்தி இடம் ஒதுக்கினார்.

அம்மா குரலை ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். கையில் பாதி குடித்த இளநீர் இருந்தது. அதைக் கீழே வைப்பதா, வாயைத் திறப்பதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அப்பா கையிலிருந்த கல் போன்மேல் இரண்டு முறை இறங்கிவிட்டது. குனிந்து எடுக்கப்போன என் தோளைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "அங்கன வச்சத எடுக்கக் கூடாதும்மா."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு வேற வழி தெரியல, மக்கா" என்றார். அன்று அவர் சோறும் மீனும் இலை காலியாகும்வரை சாப்பிட்டார். நான்கு மாதமாக நான் பார்க்காத காட்சி. கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஊர் திரும்பிய மறுநாளே தறிகள் ஓடின.

இப்போது பழுதான கருவிகளிலிருந்து பதிவுகளை மீட்டெடுப்பது என் வேலை. திரை நொறுங்கினாலும் உள்ளே இருக்கும் விரல்நகம் அளவு சில்லு பெரும்பாலும் பிழைத்திருக்கும். பதினொரு வயதில் அது எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் அந்தக் கல்லறையிலிருந்து எடுத்திருக்க முடியாது. இத்தனை வருட மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அது மிஞ்சியிருக்காது.

அம்மாவின் சிட்டையை அடிக்கடி எழுதிப் பார்க்கிறேன். சீரகம், கடுகு, வத்தல், புளி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், கட்டிப்பெருங்காயம். ஏழு. எட்டாவது வருவதில்லை. குரல் என்னை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. அந்த ஒரு சாமானாவது கிடைக்கட்டும் என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். அவரும் விரல்விட்டு எண்ணி ஏழிலேயே நின்றார்.

"அதத்தான நான் எப்பவும் மறந்துட்டு வந்துருவேன்" என்றார்.