சீக்கிரம் வந்த கப்பல்

ரெண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்னச் சண்டை. காரணம் – என் பையில் இருந்த ரெண்டு டார்ச் லைட்.

"இன்னாமே, தூத்துக்குடிக்குப் போறியா, சுரங்கத்துக்குப் போறியா? எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ரிப்பேராச்சுன்னா?"

"ரெண்டும் ரிப்பேராச்சுன்னா?"

"அதான் போன்ல லைட்டு கீதே!"

"அப்ப மொதல்லயே போனு போதும்ல!"

கேட்டவர் என் வீட்டுக்காரர். கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் திருவொற்றியூரில். அந்த மூன்று மாதம் முடிய இன்னும் அஞ்சு நாள் இருந்தது. வியாழக்கிழமை கொழும்பில் கப்பல் ஏற வேண்டும்.

என் வேலை இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர் மாதிரி ராட்சச சாமான்களைத் துறைமுகத்திலிருந்து சைட்டுக்குக் கொண்டுபோகும் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். வண்டி கிளம்புவதற்கு முன்னால் நான் அந்த ரோட்டில் போவேன். மார்க் போட்ட நீளக் கம்பைத் தூக்கிப் பிடித்து, குறுக்கே போகிற கரண்ட் ஒயர் எவ்வளவு உயரம், அந்த வளைவில் வண்டி திரும்புமா, பாலம் தாங்குமா... எல்லாம் பார்த்து எழுதுவேன். சுருக்கமாகச் சொன்னால் – பயப்படுவதற்கு எனக்குச் சம்பளம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். டோல்கேட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, இங்கே வந்து நிற்கிறேன். டிகிரி படித்தவர் தப்புப் பண்ணினால் 'நேரம் சரியில்லை' என்பார்கள். நான் பண்ணினால்? 'படிக்காதவ, அதான்' என்பார்கள். அதனால்தான் எனக்கு எல்லாமே ரெண்டு. ரெண்டு சார்ஜர். பர்மிட் காகிதம் ரெண்டு செட் – ஒன்று கையில், ஒன்று பையில். டிரைவர் நம்பரோடு டிரைவர் மனைவி நம்பரும் வாங்கிக்கொள்வேன். அவர் போன் ஆஃப் ஆனாலும் எங்கே இருக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். பாலத்தைப் பற்றி மேப்பைக் கேட்பதைவிட, பாலத்தடி டீக்கடைக்காரரைக் கேட்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் – வேலை என்றைக்கோ, அதற்கு ஒரு நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 'பஃபர் டே' என்பார்கள் ஆபீசில். எண்ணூர் ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ரயிலை விட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

இந்தத் தடவை வேலை தூத்துக்குடியில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. நான் சனிக்கிழமையே கிளம்பினேன்.

"நாளைக்கு சாயங்காலம் ரயில் ஏறினா திங்கக்கெழம காத்தால எறங்கிடலாம்ல?" என்றார், என் பை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே. "நாளைக்கு ஒரு நாள் வூட்ல இரேன். காசிமேட்டுல வஞ்சிரத்துக்குச் சொல்லி வெச்சுகீறேன்."

"வண்டி லேட்டாச்சுன்னா?"

"நான் வியாழக்கெழம போறேன்மே."

"நான் செவ்வாக்கெழம வந்துடுவேன்யா. முழுசா ரெண்டு நாள் கீதே. அதுவும் கப்பலு... எந்தக் கப்பலு சொன்ன தேதிக்கு வந்துச்சு? பாரு, உனக்கு இன்னும் ரெண்டு நாள் எக்ஸ்ட்ராவா கெடைக்கும்."

அவர் என் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கப்பல் என்றால் லேட்டாகத்தான் வரும். வட சென்னையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கம்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஒயர் சரி, வளைவு சரி, பாலம் சரி. பத்தரைக்கு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை. ஒரு முழு நாள் சும்மா என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு போன்.

"மே... கப்பலு முன்னாடியே வந்துடுச்சாம்."

"எப்ப?"

"நாளைக்கே கெளம்புதாம். ஏஜென்ட்டு இன்னிக்கே வரச் சொல்றான். ஆறு மணிக்கு ஃப்ளைட்டு. மூணு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்."

எந்த இக்கட்டிலும் பிளான் பி வைத்திருப்பவள் நான். தூத்துக்குடியிலிருந்து விமானம் பார்த்தேன். நேரத்துக்குப் போய்ச் சேருகிற ஒன்றிலும் சீட் இல்லை. கார் பிடித்தால்? பஸ்? எந்தக் கணக்குப் போட்டாலும் நான் சென்னையில் கால் வைக்கும்போது அவர் கொழும்பில் இருப்பார்.

"சாரியா..." என்றேன்.

"விடுமே. பேஜாராவாத. ஒரு டார்ச்சையாவது வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல? கப்பல்ல ஒண்ணு தேவப்படும்."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

ஏழு மணி சுமாருக்குக் கடற்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் கடலோரம் கருங்கல் கொட்டி வைத்திருப்பார்கள், அலை வந்து மோதிக்கொண்டே இருக்கும். இங்கே கடல் குளம் மாதிரி கிடந்தது. போனில் மேப்பைத் திறந்தேன். தூத்துக்குடிக்கு நேர் எதிரே, கொஞ்சம் கீழே, கொழும்பு. விரலால் அளந்து பார்த்தேன் – அளப்பதுதானே என் தொழில்? திருவொற்றியூர் இருக்கிற தூரத்தில் பாதிதான். அவர் இறங்கியதும், நேற்று வீட்டில் இருந்ததைவிட எனக்குக் கிட்டத்தில் இருப்பார். நடுவில் ஒயர் இல்லை, வளைவு இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

திங்கட்கிழமை வண்டி ஒரு கீறல் இல்லாமல் சைட்டுக்குப் போனது. ரிப்போர்ட்டில் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: 'எதிர்பாராமல் நடந்தவை'. 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ப்ராஜெக்ட், டூர் என்று அலைகிற தம்பி, தங்கைகளே... என் ரிஸ்க் லிஸ்ட்டை வந்ததும் எடுத்துப் பார்த்தேன். வண்டி லேட்டானால், பர்மிட் லேட்டானால், மழை வந்தால், ஆள் வராவிட்டால்... அத்தனை வரியும் தாமதத்துக்குப் பயந்து எழுதியது. ஒன்று சீக்கிரம் நடந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு வரி இல்லை. இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. பஃபர் டே எந்தக் கடையிலும் விற்பதில்லை. யாரோ ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெட்டித்தான் எடுக்கிறோம். எடுக்கும்போது அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ஜிப்பை மூடிக்கொண்டே பதில் சொன்னால், அவர் முகத்தையும் பாருங்கள்.

நான் முன்னாலேயே போவதை விட்டுவிடுவேனா? மாட்டேன். பயம் அப்படியெல்லாம் போகாது. ஆனால் அந்த நாளை இனி என்னுடையது என்று நினைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை, சொன்ன மாதிரியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ரயில் அஞ்சு நிமிஷம்கூட லேட்டில்லை. கொடியில் அவர் லுங்கி காய்ந்திருந்தது. ஃப்ரீசரைத் திறந்தால் ஒரு டப்பா. உள்ளே வஞ்சிரம். ஞாயிறு காலையில் வாங்கி, வெட்டி, மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கிறார். எட்டுத் துண்டு. அவர் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மசாலா தடவிய மீன் ஃப்ரீசரில் எத்தனை நாள் தாங்கும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்... எனக்கு ஒன்பது மாதம் வேண்டும்.