ஏழாவது விதைக்காய்

சௌந்திரம் லேசில் யாரையும் நம்பிவிடமாட்டாள். வெண்ணந்தூர்ச் சந்தைக்குப் போனால் தராசு முள்ளைப் பார்க்கமாட்டாள், தராசு பிடித்தவனின் கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். பூசாரி திருநீறு கொடுத்தால், பக்கத்தில் நிற்பவளுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பூசிக்கொள்வாள். கட்டிய புருஷன் சின்னண்ணன் என்றைக்காவது சிரித்த முகமாக வீட்டுக்கு வந்துவிட்டால், ஏன் சிரித்தான் என்று தெரிந்தபிறகுதான் சோறு விழும்.

இப்படிப்பட்டவளிடம் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் இருந்தது. மோகனூர்த் தாய்வீட்டிலிருந்து கல்யாணத்தின்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வரிக்கத்தரி விதை. பிறகு தாய்வீட்டிலும் அது அற்றுப்போய்விட்டது. பதினாறு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு விதைகூடக் கொடுத்ததில்லை. சந்தைக்குப் போகும் காயும் விதை முற்றாத பிஞ்சாகத்தான் போகும். விதைக்கென்று விட்ட காய்களை மட்டும் துணி கட்டி அடையாளம் வைத்துப் பழுக்கவிடுவாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஏழு காய்க்குத் துணி கட்டினாள். பறிக்கப் போனபோது ஆறுதான் இருந்தன. கமலவேணிதான் எடுத்திருக்க வேண்டும் என்று அங்கேயே வரப்பில் நின்று முடிவு செய்துவிட்டாள். கமலவேணி அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். வாசல் மட்டும் பொது. சாட்சி இல்லாததால் சௌந்திரம் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் காது சுவர்ப் பக்கமே இருந்தது.

ஆடியில் நடவேண்டும் என்றால் வைகாசியிலேயே நாற்று விட்டாக வேண்டும். வெளியில் விட்டால் கோழி கிளறும், ஆடு மேயும், காற்று மண்ணைச் சுக்காய் உலர்த்திவிடும். அதனால் சௌந்திரம் வீட்டுக்குள்தான் வாயுடைந்த சட்டிகளில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து விதைப்பாள். முளைத்ததும் தினமும் காலையில் சட்டிகளை வாசலில் வைத்து இளவெயில் காட்டி, கூடவே கோலோடு உட்கார்ந்து காவல் காத்துவிட்டு உள்ளே எடுத்துவைப்பாள்.

அந்த வருஷம் அதைச் செய்யவில்லை. வாசலில் வைத்தால் கமலவேணியின் கண் படும். ஆகவே ஒன்பது சட்டியையும் தவச தானியம் கொட்டிவைக்கும் உள்ளறையில் வைத்துப் பூட்டினாள். ஜன்னல் இல்லாத அறை. போதாததற்கு மேலே கூடை வேறு கவிழ்த்தாள். மிச்சம் வைத்தால் அதுவும் களவு போகும் என்று இருந்த விதை அத்தனையையும் விதைத்துத் தீர்த்திருந்தாள்.

"வெயிலு காட்டாம நாத்து எப்புடி வரும்?" என்றான் சின்னண்ணன்.

"நீங்க ஏன் கேக்கறீங்க? அவ கேக்கச் சொன்னாளா?"

சின்னண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இருபதாம் நாள் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். நாற்றெல்லாம் நூலாக வெளுத்து நீண்டு, மண் ஒட்டிய இடத்தில் அழுகிச் சாய்ந்து கிடந்தது. ஒன்பது சட்டியிலும் ஒன்றுகூடத் தேறாது. பதினாறு வருஷத்து விதை அத்தோடு முடிந்தது. அழுகை வருவதற்குள் ஆத்திரம் வந்துவிட்டது. பூட்டிய கதவையும் தாண்டிக் கண்ணு வைத்துவிட்டாளே! செத்த நாற்றைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு, கமலவேணியின் அடுப்படிக்குள் நேரே புகுந்தாள்.

புகுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்படிக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. அதன் வெளிச்சம் விழும் இடத்தில் மூன்று சட்டிகள். அவற்றில் ஐந்தாறு இலை விட்டுத் திடமாக நின்ற நாற்று. தண்டில் கருநீலம், இலை நரம்பில் சின்ன முள். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாதா என்ன? அவளுடைய வரிக்கத்தரிதான்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த கமலவேணி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தில் ரத்தமில்லை.

ஐந்து மாதமாகத் தேடிய சாட்சி கண்ணெதிரே நின்றது. ஊரைக் கூட்டலாம். கமலவேணியைத் தலைநிமிர முடியாமல் செய்யலாம். சௌந்திரம் வெளிச்சத்தில் நின்ற நாற்றைப் பார்த்தாள். தன் கையிலிருந்த வெளுத்த நாற்றையும் பார்த்தாள். கண்ணும் படவில்லை, மண்ணும் படவில்லை, தானேதான் இருட்டில் பூட்டிக் கொன்றிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. இவள் திருடாமல் இருந்திருந்தால் இந்த விதை பூமியிலேயே இல்லை.

கையிலிருந்ததை அடுப்பில் போட்டாள்.

"நாத்து நல்லா வந்திருக்குது கமலவேணி. என்னோடது போச்சு. பாதி தர்றயா?"

"அக்கா... அந்தக் காய நாந்தானுங்க..."

"எந்தக் காய்? நான் நாத்துத்தான் கேட்டேன்."

கமலவேணி மூன்று சட்டியில் இரண்டைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். சௌந்திரம் மூன்றாவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வந்தாள். பழக்கம் எங்கே போகும்?

அடுத்த தையில் மறுபடி விதைக்காய்க்குத் துணி கட்டினாள். ஆறு போதும். ஆனாலும் கமலவேணியின் காட்டு வரப்பை ஒட்டிய கடைசிச் செடியில் ஏழாவதாக ஒன்றைக் கட்டினாள். கட்டிவிட்டுத் தினமும் போய் அது இருக்கிறதா என்று பார்த்தாள். பத்து நாள் இருந்தது. எடுக்கமாட்டாளோ என்று அதற்கும் சந்தேகப்பட்டாள்.

பதினோராம் நாள் காய் இல்லை. சௌந்திரம் அந்தக் காம்பைத் தடவிப் பார்த்தாள். கத்தியால் பதமாக அறுத்திருந்தது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.