விகுதிகள் உதிர்ந்த பிறகு

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் உருபனியல் நடத்துகிறேன். ஒரு சொல் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது, எது எதோடு சேரும், எது சேராது என்பதுதான் பாடம். 'வந்தேன்' என்பதைப் பலகையில் உடைத்துப் போட்டு, வந்தது யார், எப்போது என்பதெல்லாம் வாலில்தான் இருக்கிறது என்று காட்டுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே அதைப் பரீட்சைச் சமாச்சாரமாகத்தான் நினைத்திருந்தேன், என் கணவருக்குப் பக்கவாதம் வரும் வரைக்கும்.

அவர் வெங்காய மண்டி வைத்திருந்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் பிழைத்ததே வாயால்தான். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து வெள்ளாமை மூட்டையோடு வரும் சம்சாரிகளிடம் மழை, கட்சி, மகள் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துத்தான் விலைக்கு வருவார். சாயங்காலம் நான் காப்பியோடு உட்கார்ந்தால், "டீச்சரம்மா இன்னைக்கு எந்த வார்த்தைய அறுத்துப் போட்டீக?" என்று சீண்டுவார். எனக்குக் கோபம் வரும். இன்று அந்தக் கேலிக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பேச்சில் வால்கள் எல்லாம் உதிர்ந்திருந்தன. தண்ணி. சட்டை. மண்டி. போ. வா. அவ்வளவுதான். அவருடைய தங்கை வீட்டுக்காரர் கன்னிவாடியிலிருந்து பார்க்க வந்தார். இவர் வாசலைக் கை காட்டி, "போ... போ..." என்றார். மண்டிக்குப் போக வேண்டும் என்று சொல்ல வந்தது அது. வெறும் பகுதியை மட்டும் சொன்னால் தமிழில் அது அதட்டலாகத்தானே காதில் விழும்? வந்தவர் முகம் கறுத்து எழுந்தார். தெரு வரை ஓடிப்போய் விளக்கினேன். "அதனால என்னக்கா, இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? படித்த படிப்பு இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு? பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தேன். சிலவற்றில் பகுதி, சிலவற்றில் விகுதி. இரண்டையும் ஒட்டி வைத்து வாசிக்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து, மரியாதையாக என்னிடமே கொடுத்துவிட்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபரில் எங்கள் தெரு அன்பியத்தார், மாதா கோயில் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, வீடு வீடாகச் செபமாலை சொல்லுவார்கள். எங்கள் முறை வந்தது. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, கூடியிருப்பவர்கள் மறு பாதியைச் சொல்ல வேண்டும். நாற்காலியில் கிடந்த இவர் திடீரென்று எல்லோரோடும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். திக்கவில்லை, திணறவில்லை. பழைய மண்டிக் குரல். 'பாவிகளாயிருக்கிற' என்ற சொல் முழுசாக வந்தது. அதில் எத்தனை உறுப்பு இருக்கிறது என்று வகுப்பில் பிரித்துக் காட்ட எனக்குப் பாதிப் பலகை வேண்டும். என் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "மாதா கைவிடல பாத்தீங்களா? அண்ணன் எம்புட்டு அழகாச் சொல்றாரு!"

நானும் நம்பினேன். எல்லோரும் போன பிறகு காப்பி கொடுத்து, "சீனி போதுமாங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "சீனி" என்றார். போதுமா, வேண்டுமா, வேண்டாமா, எதுவுமில்லை.

மதுரையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் பொறுமையாக விளக்கினாள். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி மனப்பாடமானது மொத்தமாக ஒரு கட்டியாய்க் கிடக்குமாம். அது வருவதால் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைக்கக் கூடாதாம். "அவரா ஒரு வார்த்தைய உண்டாக்கிப் பேசணும்மா. அதுதான் கணக்கு." எனக்கு வேண்டியதும் அதுதான். அவர் எனக்கென்று உண்டாக்கின ஒரே ஒரு வார்த்தை.

அவரை வாராவாரம் மதுரைக்குக் கூட்டிப்போக எனக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகன் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒருநாள் வீட்டில் நான் முதல் பாதியும் அவர் மறு பாதியுமாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டான். அப்பாவின் குரலைக் கேட்டதும் அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பா நல்லாப் பேசுறாரே! இங்க லீவு கேக்குறது பெரும் பாடும்மா. கிறிஸ்துமஸ் கழிச்சு வாரேன்."

"அது பேச்சு இல்லடா, செபம்டா" என்றேன்.

"ரெண்டும் வாயிலருந்துதான வருது? நீங்க எல்லாத்தையும் பாடமாவே பாக்குறீங்கம்மா."

போனை வைத்தேன். அவன் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த மணிக்காகக் காத்திருந்தார். மாலையை மேசை மேல் போட்டேன்.

"போதுங்க. செபம் வேணாம். உங்க பேச்சா எங்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. திட்டுங்க, பரவால்ல. ஒண்ணே ஒண்ணு."

அவருக்குப் புரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. "நீ..." என்றார். மறுபடி, "நீ... நீ..."

நான் காத்திருந்தேன். உன்னை, உனக்கு, உன்னால், உன்னோடு என்று வேற்றுமைகள் எல்லாம் என் தலைக்குள் வந்து வரிசை கட்டி நின்றன. நீ இருக்கிறாயே என்று சொல்ல வந்தாரா? நீ போய்விடு என்றா? உன்னை இந்தப் பாடு படுத்துகிறேனே என்றா? எதை வேண்டுமானாலும் நான் எடுத்துச் சேர்க்கலாம். சேர்த்தால் அது என் பேச்சு, அவருடையது ஆகாது. இருபத்தைந்து வருடமாக ஊரார் சொற்களை ஒட்டவும் வெட்டவும் சொல்லிக்கொடுத்தவள், கட்டின புருஷனின் ஒரு சொல்லுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. பிறகு இடது கையை நீட்டி மாலையை இழுத்துக்கொண்டார். அதுவரை மறு பாதியை மட்டுமே சொல்லிவந்தவர், அன்று 'அருள் நிறைந்த' என்று முதல் பாதியை அவரே தொடங்கினார். தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போய், அந்தப் பாதி முடிந்ததும் நிறுத்தி, என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு அந்த நேரம் மாதா மேலும் நம்பிக்கை இல்லை, மருந்து மேலும் இல்லை. இனி அவர் என்னிடம் பேசப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனாலும் நான் வாய் திறக்காவிட்டால் அவரும் அங்கேயே நின்றுவிடுவார். மறு பாதியை நான் சொன்னேன்.