பூனை ஏறிப் படுத்த கார்

மைல் காட்டும் முள் எப்போதோ நின்றுபோன எங்கள் காரைத் திருத்துவதா, விற்பதா என்று வீட்டில் ஓயாத சண்டை. இன்று விற்க முடிவெடுத்தேன்.

யுத்தத் தடையில் பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் கார். குளிர்ந்திருந்தால் ஸ்ராட் ஆகாது. அதனால் வாங்குபவர் ஒட்டுசுட்டானிலிருந்து வருமுன்பே, ஒளித்துவைத்த பெற்றோலைக் கொஞ்சம் விட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்திவைத்தேன்.

வந்தவர், “காலமை எங்கையும் ஓடினனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லை, ரெண்டு நாளாய் நிக்குது,” என்றேன்.

அவர் காரைப் பார்த்தார். மழைக் குளிருக்கு எங்கள் பூனை எஞ்சினை மூடும் சூடான பொனற்றின் மேல் சுருண்டு, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “பரவாயில்லை அண்ணை. நானும் என்ர காரை இப்பிடித்தான் வித்தனான்.”

கூசிப்போனேன். இனித் திருத்தத்தான் வேண்டும்.

அவருடைய காரை வாங்கியவர் இதை வாசிப்பவர்களில் யாராவது இருக்கிறீர்களா?