சாவடி வெயிலில் நின்ற தேன்மரங்கள்

பாகூர்ப் பக்கம் போய்ச் செல்லக்கண்ணு என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, பிராந்தி செல்லக்கண்ணுவா?" என்று சிரிப்பார்கள். தேன்கூட்டுக்குள் பாட்டிலை ஒளித்து வைத்து இங்கிலீஷ்காரன் சாவடிக்கே தண்ணி காட்டிய கில்லாடி என்று கதை சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவரும் அன்றைக்கு அந்தச் சாவடி வாசலில் நின்றதில்லை. நான் நின்றேன். செல்லக்கண்ணு என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன். பிராந்தி எந்த நிறம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

மணவாளன் பண்ணையில் ஏர் ஓட்டியது அவர் பிழைப்பு. தேனீ வளர்த்தது ஆசை. காற்றில் சாய்ந்த பனையோ, பட்டுப்போன இலுப்பையோ கிடைத்தால் போதும், துண்டு போட்டு உள்ளே குடைய ஆரம்பித்துவிடுவார். இரண்டு முனையிலும் பலகை வைத்துச் சாணிமண் பூசி, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விடுவார். அதுதான் வாய். பண்ணைத் தோப்பில் கிளைக்குக் கிளை கட்டித் தொங்கவிடுவார். தேன்மரம் என்று அதற்குப் பேர். தேன் எடுக்கும்போது ஓரத்து அடையை மட்டும் அறுப்பார், குஞ்சு இருக்கிற அடைப் பக்கம் கத்தி போகாது. "ஈக்குப் போவ மிச்சம் இருந்தாதான் பெத்த பொண்ணுக்கு" என்று என் அம்மா பவுனம்மாள் புலம்புவாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

மாசி அறுப்பு முடிந்தால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கம் பூ என்று ஒன்று இருக்காது. பெண்ணையாற்றுக்கு அந்தக் கரையில், இங்கிலீஷ் எல்லைக்குள், பங்குனியில் எள் பூத்துக் கிடக்கும். வருஷா வருஷம் நைனா பண்ணை வண்டியைக் கெஞ்சி வாங்கித் தேன்மரங்களை அங்கே கொண்டுபோவார். பொழுது சாய்ந்து ஈயெல்லாம் அடைந்த பிறகு மரத்தின் வாயில் ஈரத்துணி திணிப்பார். வெயில் ஏறுவதற்குள் எள்ளுக் கொல்லையில் இறக்கித் துணியைப் பிடுங்கிவிட வேண்டும். நடுவழியில் மட்டும் திறக்கவே மாட்டார். வழியில் வெளியே வந்த ஈக்கு வீடு தெரியாமல் போய்விடும் என்பார்.

ஆற்றங்கரைச் சுங்கச் சாவடியில், பிரெஞ்சுச் சரக்கு கடத்துகிறோமா என்று எங்கள் சனத்தின் மடியைக்கூட உதறிப் பார்ப்பார்கள். நைனாவின் வண்டியை மட்டும் தொட மாட்டார்கள். உள்ளே கேட்கிற இரைச்சலுக்குப் பயந்து, "போ, போ" என்று எட்ட நின்றே கையைக் காட்டுவார்கள். பண்ணையார் மகன் நாகராஜன் இதைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். வண்டி கட்டுகிற நேரத்தில் நாகராஜன், வாய் அடைத்த மரம் ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி வந்தான்.

"செல்லக்கண்ணு, இதையும் ஏத்தினு போ. நானே புடிச்ச ஈ. அந்தாண்ட நம்ம ஆளு வந்து வாங்கிக்குவான்."

நைனா மரத்தில் காதை வைத்தார். "சத்தமே காணமே, ஆண்டே. செத்துக் கித்துப் போச்சா இன்னா?"

"நல்லாதான் கீது. வாயை அடச்சிட்டா நடுவுல தெறக்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவே?"

நைனா திறக்கவில்லை. உள்ளே கொஞ்ச நஞ்சம் உயிர் இருந்து, தன் அவசரத்தால் அது கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தார். அந்தப் படுபாவி, நைனாவின் ஈரமனசைத்தான் அந்த மரத்துக்குப் பூட்டாகப் போட்டிருந்தான்.

சாவடியில் அன்று புதுச் சேவகன் ஒருவன். அவனுக்குப் பயம் என்பது கிடையாது போல. ஒவ்வொரு மரத்திலும் காதை வைத்துப் பார்த்திருக்கிறான். எல்லா மரமும் இரைந்தது, ஒன்று மட்டும் ஊமையாகக் கிடந்தது. கோடாலியால் அதைப் பிளந்தான். வைக்கோலுக்கு நடுவே பிராந்தி பாட்டில்கள் வரிசையாக இருந்தன.

காலையில் ஆற்றைத் தாண்டி வந்த மோர்க்காரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நானும் அம்மாவும் ஓடினோம். நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நைனாவைத் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். வண்டி வெட்டவெளியில் நின்றது. மாடுகளை மட்டும் அவிழ்த்துப் புளியமரத்து நிழலில் கட்டி, வைக்கோல் போட்டிருந்தார்கள். மாடு பண்ணையார் மாடு அல்லவா?

எங்களைப் பார்த்ததும் நைனா தன்னை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. "துணிய புடுங்கும்மா! ஓடு! வாயில கீற துணிய புடுங்கு!" என்று கத்தினார்.

நான் வண்டிப் பக்கம் ஓடினேன். சேவகன் தடியைக் குறுக்கே நீட்டி என்னைத் தள்ளினான். கடலூரிலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் சாமானில் யாரும் கை வைக்கக் கூடாதாம்.

"சாமி, நீங்க எல்லாரும் உள்ள போய்க் கதவை மூடிக்குங்க. எம்பொண்ணு புடுங்கிடுவா. உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றார் நைனா.

"அவுத்து வுட்டா எங்களைக் கொட்டாதா? யாரை ஏமாத்தப் பாக்கிறே?"

"அப்டின்னா வண்டியையாவது நெழலுக்குத் தள்ளுங்க. என்னை எத்தினி வருசம் வேணா உள்ள போடுங்க, சாமி. அதுங்க இன்னா பண்ணிச்சி?"

யாரும் அசையவில்லை. மரங்களுக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. ஈயெல்லாம் சேர்ந்து றெக்கையால் விசிறிக் கூட்டைக் குளிர வைக்கப் பார்க்கிறது என்று நைனா அழாத குறையாகச் சொன்னார். பிறகு ஒவ்வொரு மரமாக அடங்கியது. மெழுகு உருகி, பலகை இடுக்கு வழியாகத் தேன் சொட்ட ஆரம்பித்தது. காலையிலிருந்து வண்டியை நெருங்கப் பயந்த சேவகர்கள் சொம்பு கொண்டுவந்து பிடித்தார்கள். ஒருவன் விரலை விட்டு நக்கிப் பார்த்து, நல்ல தேன் என்று நைனாவிடமே சொன்னான். இத்தனை வருஷமாகியும் அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. அவன் நன்றாக இருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நைனா அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னார். மரத்தைக் கொடுத்தது யார் என்றும் சொன்னார். என்ன பிரயோசனம்? நாகராஜன் பிரெஞ்சு எல்லையில் இருந்தான், இங்கிலீஷ்காரன் கை அங்கே நீளாது. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டான். நைனா ஆறு மாதம் கடலூர் சிறையில் இருந்தார்.

திரும்பி வந்த மறுநாளே நாகராஜன் எங்கள் வாசலுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தான் என்று அம்மா நினைத்துவிட்டாள், பாவம்.

"போனது போவட்டும்பா. சத்தம் இல்லாததாலதானே மாட்டிக்கிச்சி? தோப்புல இன்னும் நாலஞ்சு மரம் தொங்குது பாரு. இந்தத் தபா ஈ இருக்கிற மரத்துலயே அடியில வச்சிடலாம். ஒரு பய தொட மாட்டான்."

"ஆவட்டும், ஆண்டே" என்றார் நைனா. அவன் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டு வேறென்ன சொல்வது?

அவன் தலை மறைந்ததும் நைனா கோடாலியோடு தோப்புக்குப் போனார். மிச்சமிருந்த தேன்மரங்களை இறக்கி, புகை போட்டு ஈக்களை வெளியே ஓட்டினார். கடைசி ஈ போகிற வரை காத்திருந்து, ஒவ்வொரு மரத்தையும் விறகாகப் பிளந்தார். கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ப் பண்ணையார் வீட்டுப் பின்கட்டில் அடுக்கினார். மரம் உளுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். ஜெயிலுக்குப் போய்ப் புத்தி கெட்டு வந்திருக்கிறான் என்றது ஊர்.

ஓட்டிய ஈக்களில் ஒரு கூட்டம் எங்கள் வாசல் முருங்கையில் வந்து அடைந்தது. நைனா ஈர வைக்கோலைக் கொளுத்திக்கொண்டு அதன் அடியில் போய் நின்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வூடு தேடி வந்ததை ஏன்யா தொரத்துறே?"

புகையில் அவருக்குக் கண்ணெல்லாம் நீர். வைக்கோலை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தார்.

"எங்கிட்ட இருந்தா செத்துப்பூடும், பவுனு. வேற யார்கிட்டனா போய்ப் பொழைக்கட்டும்."