கூலர் திரும்பிய கோடை

என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தார். எனக்குப் பதினோரு வயது முடிந்தபோது சீட்டுக்கட்டு அளவே இருந்த ஒரு பச்சைப் பலகையைப் பரிசாகக் கொண்டுவந்தார். முழுக் கம்ப்யூட்டரே அதுதான் என்றார். டிவியில் செருகி, தான் சிறுவனாக இருந்தபோது விளையாடிய பழைய வீடியோ கேம்களை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் பந்தயம் மட்டும் சரியாக ஓடவில்லை. வளைவுக்கு வளைவு திக்கியது. கீழ்வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "க்யா ரே, இது காரா, எருமை வண்டியா?" என்று சிரித்தான். உடனே மாமாவுக்குப் போன் செய்தேன்.

"ஸ்பீடைக் கூட்டலாம்டா. ஓவர்கிளாக்னு பேரு. ஒரு ஃபைல்ல எழுநூறுன்னு இருக்கறதை ஆயிரம்னு மாத்தணும், அவ்வளவுதான். ஆனா சூடாயிடும். சூடானா நடுவுல அப்படியே நின்னுடும்."

மாற்றினேன். கார் பறந்தது. கொஞ்ச நேரத்தில் படம் உறைந்து நின்றது. மாரெட்பள்ளியில் எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழான வீடு. மே மாதத்தில் மின்விசிறி அனலைத்தான் இறைக்கும். வீட்டில் குளிர்ந்த காற்று வருகிற இடம் ஒன்றே ஒன்று, ஏர் கூலர்.

அப்பா ராமச்சந்திராபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். கூரையை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஒரு அறை அளவுள்ள இரும்புப் பாகங்களைத் தூக்கி, கீழே நிற்பவர்கள் கைகாட்டும் இடத்தில் ஓசைப்படாமல் இறக்கிவைப்பார். அவர்கள் அவரை 'ஊப்பர்வாலா' என்பார்களாம். மேலே இருப்பவர், கடவுள் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்கு வெட்கமும் சிரிப்புமாக வரும். அந்தக் கோடையில் அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுப்பார். சக்கரம் வைத்த கூலர் அறை வாசலில் நின்று அவர்மேல் வீசும். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்வாள்: "அப்பா தூங்கணும். சத்தம் நக்கோ." உருது கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் நக்கோ என்றால் கூடாது.

நான் சத்தம் போடவில்லை. டிவியை ஊமையாக்கிவிட்டுக் கூலரைக் கூடத்துப் பக்கம் திருப்பினேன். ஈரக்காற்று பட்டதும் பலகையின் சூடு தணிந்தது. பந்தயம் கடைசிவரை ஓடியது. கீழ்வீட்டுப் பையன் வாயைப் பிளந்தான். அம்மா வருவதற்குள் கூலரைப் பழையபடி நிறுத்திவிட்டேன். அதுவே தினசரி வழக்கமாயிற்று.

ஒருநாள் அம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். "யார்டா இதை இந்தப் பக்கம் திருப்பினது?"

நான் பதில் தேடுவதற்குள் உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான்தான். அந்தக் காத்து ஒத்துக்கல. மூக்கடைக்குது."

அவர் விழித்திருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்பாவுக்கே கூலர் வேண்டாமாம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே திருப்பினேன். சில மதியங்களில் அவர் ஈரத்துண்டை மார்பில் போட்டபடி கதவோரம் சாய்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்.

"தூக்கம் வரலையாப்பா?"

"நீ ஓட்டு."

எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு, ஒரு காலை அப்பா தாமதமாக வந்தார். சமையலறையில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. மேலே இருக்கும்போது கண் செருகிவிட்டதாம். தொங்கிய சுமை ஆடித் தூணில் இடித்ததாம். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இனிமே என்னைக் கிரேன்ல ஏத்த மாட்டாங்க. ஸ்டோர்ல போட்டுட்டாங்க. பகல் ஷிப்ட்."

"பகல்லதான் தூங்கினீங்களே?" என்றாள் அம்மா.

"தூங்கினேன்," என்றார் அப்பா.

பிறகு ஓய்வுபெறும்வரை அவர் அந்தக் கண்ணாடி அறைக்குப் போகவே இல்லை. இன்று நானும் இரவில் வேலை பார்க்கிறேன். பகல் தூக்கம் எவ்வளவு மெலிதானது என்று தெரிகிறது. அவரை அங்கிருந்து இறக்கியது நான்தான்.

அன்று என் காதில் தங்கியது 'பகல் ஷிப்ட்' மட்டும். இனி மதியத்தில் வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். காரின் உறுமலைச் சத்தமாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த நல்ல செய்தியைச் சொல்ல மாடிப்படிகளைத் தாவி இறங்கிக் கீழ்வீட்டுக்கு ஓடினேன்.